ஜவ்வாது மலையைச் சுற்றியுள்ள இரும்பு: கல் எப்போது தாது ஆகிறது?

ஜவ்வாது மலை என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது சந்தன மரம், தேன், சாமை, காவலூர் வானாய்வகம், பீமன் அருவி ஆகியவைதான். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் மலைத்தொடர் இது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. செய்யாறு இங்குதான் உற்பத்தியாகிறது. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் இங்கே பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள்.

ஆனால் இந்த மலையையும் அதன் அடிவாரத்தையும் சுற்றி இன்னொரு செல்வம் இருக்கிறது. அதுதான் கனிமம். முக்கியமாக இரும்பு. இந்த இரும்பின் கதை குறைந்தது மூவாயிரம் ஆண்டுகள் பழையது. அதில் வேடிக்கை என்னவென்றால், மலையில் இருக்கும் கல் மாறவே இல்லை. ஆனால் அதே கல் ஒரு காலத்தில் தாதுவாக இருந்தது, இன்னொரு காலத்தில் வெறும் கல்லாகிப் போனது, பிறகு மறுபடியும் தாது ஆனது. இது எப்படி நடந்தது என்பதே இந்தக் கட்டுரை.

கனிமமும் தாதுவும்

பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். இயற்கையில் கிடைக்கும், குறிப்பிட்ட வேதியியல் அமைப்பு கொண்ட பொருள் கனிமம். எந்தக் கனிமத்திலிருந்து ஓர் உலோகத்தை லாபகரமாகப் பிரித்தெடுக்க முடியுமோ அது தாது. எல்லாத் தாதுக்களும் கனிமங்களே, ஆனால் எல்லாக் கனிமங்களும் தாதுக்கள் அல்ல. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இது போதும்.

ஆனால் அந்த வரியில் இருக்கும் "லாபகரமாக" என்ற சொல்லைப் பலரும் கவனிப்பதில்லை. அது வேதியியல் சொல் அல்ல, வணிகவியல் சொல். களிமண்ணில் அலுமினியம் இருக்கிறது. புவியின் மேலோட்டில் ஏறத்தாழ 8 சதவீதம் அலுமினியம்தான். ஆனாலும் வயல் மண்ணை யாரும் அலுமினியத் தாது என்று சொல்வதில்லை, பாக்சைட்டைத்தான் சொல்கிறார்கள். ஒரு டன் பாறையில் ஐந்து கிராம் தங்கம் இருந்தால் அது தாது. ஒரு டன் பாறையில் ஐம்பது கிலோ இரும்பு இருந்தாலும் அது வெறும் கல்தான்! ஏனென்றால் உலோகத்தின் விலை, பிரித்தெடுக்க ஆகும் செலவு, எரிபொருள், போக்குவரத்து எல்லாவற்றையும் கூட்டிக் கழித்த பிறகே ஒரு கல் தாதுவா இல்லையா என்பது தெரியும்.

ஜவ்வாது மலையிலும் அதைச் சுற்றியுள்ள வட தமிழக மாவட்டங்களிலும், தமிழ்நாட்டின் பிற இடங்களிலும் கிடைக்கும் முக்கியமான தாதுக்கள் வருமாறு:

1. மேக்னடைட்: இரும்பு. திருவண்ணாமலையை அடுத்த கவுத்திமலை, வேடியப்பன்மலை, சேலம் கஞ்சமலை, அரூர் பக்கம் தீர்த்தமலை.

2. பாக்சைட்: அலுமினியம். ஏற்காடு, கொல்லிமலை. மேட்டூரில் 1965 முதல் 2008 வரை இதிலிருந்து அலுமினியம் எடுக்கப்பட்டது.

3. மேக்னசைட்: மெக்னீசியத்தின் கனிமம். சேலத்தின் சுண்ணாம்புக் கரடு. ஆனால் இது பெரும்பாலும் உலோகம் எடுக்கப் பயன்படவில்லை. உலைகளின் உட்சுவருக்கான வெப்பம் தாங்கும் செங்கல்லுக்கே போகிறது.

4. சால்கோபைரைட், கலீனா, ஸ்பேலரைட்: முறையே தாமிரம், ஈயம், துத்தநாகம். பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மாமண்டூரில் மூன்றும் சேர்ந்து கிடைக்கின்றன.

5. மாலிப்டினைட்: மாலிப்டினம். அரூர், ஊத்தங்கரை பகுதி.

6. பைரோகுளோர்: நியோபியம். திருப்பத்தூரை அடுத்த சேவத்தூர். இதே ஊரில் வெர்மிகுலைட் என்ற, உலோகத்துக்காக அல்லாமல் வேறு பயன்களுக்காகத் தோண்டப்படும் கனிமமும் உண்டு.

7. குரோமைட்: குரோமியம். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி.

8. இல்மனைட்: டைட்டானியம். கன்னியாகுமரிக் கடற்கரை மணல்.

இந்தப் பட்டியலில் மனிதனோடு மிக நீண்ட காலம் பழகியது இரும்புதான். எனவே இனி இரும்பை மட்டும் பார்க்கலாம்.

எந்த வகை இரும்புத் தாது?

இரும்புத் தாதுவில் முக்கியமானவை மூன்று. ஹேமடைட் சிவப்பு நிறம் கொண்டது. சுத்தமான ஹேமடைட்டில் 70 சதவீதம் இரும்பு. மேக்னடைட் கறுப்பு, காந்தத்தால் ஈர்க்கப்படும். சுத்தமாக இருந்தால் 72 சதவீதம் இரும்பு, மூன்றில் இதுவே அதிகம். லிமோனைட் மஞ்சளும் பழுப்பும் கலந்தது, நீர் சேர்ந்தது, இரும்பு குறைவு.

அப்படியானால் மேக்னடைட் கிடைக்கும் தமிழ்நாடு அதிர்ஷ்டசாலி என்றுதானே தோன்றும்? அங்குதான் சிக்கல். இங்கே மேக்னடைட் தனியாக இல்லை. குவார்ட்ஸ் என்ற வெள்ளைக் கல்லோடு பட்டை பட்டையாகக் கலந்து கிடக்கிறது. அதனால் பாறையை மொத்தமாக எடுத்துப் பார்த்தால் இரும்பு 35 முதல் 40 சதவீதம்தான் வருகிறது. ஜார்க்கண்ட், ஒடிசா பக்கத்து ஹேமடைட்டில் 60 சதவீதத்துக்கும் மேல். அங்கே தோண்டியதை அப்படியே உலையில் போடலாம். இங்கே பாறையை மாவு போல் அரைத்து, காந்தத்தால் பிரித்து, பிறகு உருண்டையாக்கித்தான் உலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆனால் மழையும் ஆறும் இந்த வேலையை லட்சக்கணக்கான ஆண்டுகளாக இலவசமாகச் செய்து வந்திருக்கின்றன. பாறை சிதைந்து, ஓடையில் அடித்து வரப்பட்டு, கனமான மேக்னடைட் துகள்கள் மட்டும் ஓடை வளைவுகளில் கருமணலாகத் தங்கும். அதை அரித்து எடுத்தால் போதும். பழைய இரும்புத் தொழிலுக்கு இந்தக் கருமணல் பெரிய வசதி.

கல் கோடாரியிலிருந்து இரும்புக்கு

ஜவ்வாது மலைக் கிராமங்களில் சில கோயில்களில் வழவழப்பாகத் தீட்டப்பட்ட முக்கோண வடிவக் கற்களை வைத்து வழிபடுகிறார்கள். அவை புதிய கற்கால மனிதர்களின் கோடாரிகள். நிலத்தை உழும்போதும் ஓடை ஓரத்திலும் கிடைத்தவற்றை மக்கள் தெய்வமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். மலையில் கல்திட்டைகளும் உள்ளன. குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்றும் வாலியர் வீடு என்றும் ஊரார் சொல்வார்கள். உண்மையில் அவை பெருங்கற்கால ஈமச் சின்னங்கள்.

மலையின் மேற்கு அடிவாரத்தில் திருப்பத்தூர் பக்கம் உள்ள பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. கீழ் அடுக்கில் கல் கோடாரி பயன்படுத்திய மக்கள், அதற்கு மேல் அடுக்கில் இரும்பு பயன்படுத்திய மக்கள் என்று ஒரே இடத்தில் தொடர்ச்சி தெரிந்தது. கல்லை விட்டு இரும்புக்கு மாறிய கதை இந்த மலையடிவாரத்து மண்ணிலேயே அடுக்கடுக்காக இருக்கிறது.

காலம் எவ்வளவு? பல ஆண்டுகளாக, தென்னிந்திய இரும்புக் காலம் கி.மு. 1000 அல்லது 1200-ல் தொடங்கியது என்றே பாடநூல்கள் சொல்லி வந்தன. 2022-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த அடுக்கின் காலம் கி.மு. 2172 என்று அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் தமிழக அரசு "இரும்பின் தொன்மை" பற்றிய அறிக்கையை வெளியிட்டது. பேராசிரியர் கா. ராஜனும் இரா. சிவானந்தமும் எழுதியது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளுக்கு கி.மு. 3345 வரை காலம் சொல்லப்பட்டது. அதே அறிக்கையில் திருவண்ணாமலை மாவட்டம் கீழ்நமண்டியில் கிடைத்த சுடுமண் ஈமப்பேழைக்கு கி.மு. 1692 என்று காலம் கணிக்கப்பட்டுள்ளது. இவ்வளவு பழைய காலத்தை உறுதியாக ஏற்க இன்னும் அதிகச் சான்று வேண்டும் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், இந்தப் பகுதியில் இரும்பு என்பது நேற்று வந்த பொருள் அல்ல.

செங்கம் வட்டாரத்து நடுகற்களிலும் இதைப் பார்க்கலாம். 1970-களின் தொடக்கத்தில் இரா. நாகசாமி தலைமையில் தமிழகத் தொல்லியல் துறை இவற்றைத் தேடிப் படித்து, 1972-ல் "செங்கம் நடுகற்கள்" என்ற நூலாக வெளியிட்டது. ஆநிரை மீட்டு இறந்த வீரர்களின் கையில் வாளும் வில்லும் இருக்கும். இந்த நடுகற்கள் பலவற்றை மக்கள் இன்று வேடியப்பன் என்ற பெயரில் வணங்குகிறார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் கடைசியில் மறுபடியும் வரும்.

மண் உலையில் இரும்பு

பழைய உலை எப்படி இருந்தது என்பதை 19-ஆம் நூற்றாண்டில் பார்த்த ஆங்கிலேயர்கள் எழுதி வைத்துள்ளனர். நான்கைந்து அடி உயரம், அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் பேரிக்காய் வடிவம். முழுக்கக் களிமண்தான். இரண்டு பேர் சில மணி நேரத்தில் கட்டிவிடலாம், மறுநாள் பயன்படுத்தலாம். முன்பக்கம் ஒரு வாய். அதைக் களிமண்ணால் அடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். முடிந்ததும் உடைத்து இரும்பை எடுப்பார்கள். காற்று ஊத ஆட்டுத் தோல் துருத்தி. துருத்தியின் மூங்கில் குழாய் முனையில் களிமண் குழல்.

முதலில் கரி, பிறகு ஈரப்படுத்திய தாது, மறுபடி கரி என்று மேலிருந்து மாறி மாறிப் போடுவார்கள். ஏன் ஈரப்படுத்த வேண்டும்? காய்ந்த பொடியாக இருந்தால் கரித் துண்டுகளின் இடைவெளி வழியே தாது கீழே ஓடிவிடும். மூன்று நான்கு மணி நேரம் விடாமல் ஊத வேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அது தாதுவில் உள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது, இரும்பு மிஞ்சுகிறது. இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். மண் உலையில் அவ்வளவு வராது. ஆகவே இரும்பு உருகி ஓடுவதில்லை, பஞ்சு போன்ற கட்டியாகத் திரள்கிறது. குவார்ட்ஸ் முதலான அழுக்கு மட்டும் கொஞ்சம் இரும்போடு சேர்ந்து உருகிக் கசடாக வெளியேறும். இதைத்தான் இரும்புக் கிட்டம் என்கிறோம். கட்டியைச் சம்மட்டியால் அடித்து அடித்து மீதிக் கசடைப் பிதுக்கி எடுத்தால் தேனிரும்பு. தாதுவில் இருந்த இரும்பில் பெரும் பகுதி கசடிலேயே போய்விடும். ஆனாலும் யாரும் கவலைப்படவில்லை. கருமணலும் காட்டு விறகும் காசு கொடுத்து வாங்கியவை அல்ல.

இதற்கு அடுத்த படி உருக்கு. தேனிரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, களிமண் மூசையில் போட்டு, ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் வைத்து, வாயைக் களிமண்ணால் பூசி அடைத்து, இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் போல் ஊதுவார்கள். இலையும் குச்சியும் கரியாகி இரும்புக்குள் கார்பன் ஏறும். கார்பன் ஏறினால் இரும்பு குறைந்த வெப்பத்திலேயே உருகும். மூசை ஒன்றுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உருக்குக் கட்டி. ஐரோப்பியர் இதை "வூட்ஸ்" என்றனர். மைக்கேல் பாரடே மின்சார ஆராய்ச்சிக்குப் போவதற்கு முன் 1819-ல் ஆராய்ந்தது இந்த உருக்கைத்தான். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் சங்க காலத்திலேயே இந்தத் தொழில் நடந்ததற்கான உலைகளைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வில் கண்டது.

ஹீத் துரையின் கணக்கு

மூசை உருக்குக்கு மேலே சொன்ன விவரங்களைத் தந்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சென்னை மாகாணக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. சேலத்துத் தாதுவின் தரத்தைப் பார்த்து வேலையை விட்டுவிட்டு இரும்பு ஆலை தொடங்கியவர். 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஆலை வந்தது. இந்தியாவில் ஐரோப்பிய முறையில் பெரிய அளவில் இரும்பு செய்யும் முதல் முயற்சிகளில் ஒன்று இது.

கணக்கு தாளில் அழகாக இருந்தது. சேலத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் தாது. அதைப் பரிசலில் ஏற்றி, காவிரி வழியாகக் கொள்ளிடம், அங்கிருந்து கான்சாகிப் கால்வாய் வழியாகப் பரங்கிப்பேட்டை. அங்கிருந்து கப்பலில் இங்கிலாந்து. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில்தான் பரிசல் போகும் என்பதை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் கரி. பெரிய ஊதுலைக்கு நாள் முழுக்க, ஆண்டு முழுக்கக் கரி வேண்டும். கிராமத்து மண் உலை அக்கம்பக்கத்துக் காட்டைத் தின்றுவிட்டு நின்றுவிடும், காடு மறுபடி வளரும். ஊதுலை நிற்காது. கிட்டத்துக் காடு தீரத் தீரக் கரி தூரத்திலிருந்து வர வேண்டியிருந்தது, விலை ஏறியது.

இரும்பு மோசமில்லை. நல்ல தரம் என்று பெயர் வாங்கியது. 1850-ல் திறக்கப்பட்ட பிரிட்டனின் பிரிட்டானியா குழாய்ப் பாலத்தில் இந்த இரும்பும் சேர்ந்தது என்று சொல்வார்கள். ஆனால் கணக்குப் புத்தகத்தில் நட்டம்தான். அரசு கொடுத்த கடனும் கரைந்தது. 1853-ல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற பெயரில் மறுபடி மூலதனம் திரட்டினார்கள். இந்த முறை தாது இருக்கும் இடத்துக்கே உலையைக் கொண்டுபோவது என்று முடிவானது. ஓர் உலை சேலம் பக்கம் காவிரிக் கரையில், இன்னொன்று திருவண்ணாமலையில். அதாவது ஜவ்வாது மலையின் தெற்கு வாசலில். தாதுச் செலவு குறைந்தது, கரிச் செலவு குறையவில்லை. 1860-களின் முடிவுக்குள் எல்லா உலைகளும் அணைந்துவிட்டன.

ஹீத்தின் சொந்தக் கதை இன்னும் சோகமானது. இங்கிலாந்து திரும்பி ஷெபீல்டில் உருக்கு வார்ப்பில் மாங்கனீசு சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்து 1839-ல் காப்புரிமை பெற்றார். அந்த முறையால் ஷெபீல்டு ஆலைக்காரர்கள் பெரும் லாபம் பார்த்தார்கள். ஆனால் காப்புரிமை வாசகத்தில் இருந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பணம் தர மறுத்தார்கள். அவர் 1851-ல் இறந்த பிறகும் வழக்கு நடந்தது, குடும்பத்துக்கும் பயன் கிட்டவில்லை.

ஹீத் தோற்றது தாதுவால் அல்ல, எரிபொருளால்.

கிராமத்து உலை எப்படி அணைந்தது?

பெரிய ஆலை தோற்றபோதும் கிராமத்து மண் உலைகள் உடனே அழியவில்லை. அவற்றை அணைத்தவை இரண்டு.

முதலாவது ரயில். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடத் தொடங்கிய சென்னை ரயில், திருப்பத்தூர் வழியாக 1861-ல் சேலத்தைத் தொட்டது. ரயிலில் வந்தது பிரிட்டன் இரும்பு. நிலக்கரியில் மொத்தமாகச் செய்த இரும்புப் பட்டை, கொல்லன் பட்டறைக்கு நேராக வந்து இறங்கியது. உருக்கிய இரும்பைவிட வாங்கிய இரும்பு மலிவு. கொல்லர் தொழில் பிழைத்தது, உருக்கும் தொழில் படுத்தது.

இரண்டாவது காடு. 1856-ல் சென்னை மாகாணத்தில் வனத்துறை அமைந்தது. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. மலைக்காடுகள் காப்புக்காடுகளாக அறிவிக்கப்பட்டன. அதுவரை கேட்பாரில்லாமல் வெட்டிக் கரி சுட்ட மக்கள், இனி அனுமதியும் கட்டணமும் இல்லாமல் வெட்ட முடியாது. மலையைத் தின்றது இரும்புக்காரர்கள் மட்டுமல்ல. ரயில் பாதைக்குத் தண்டவாளக் கட்டையும், எஞ்சினுக்கு விறகும் இதே காடுகளிலிருந்துதான் போயின. ஆனால் கட்டுப்பாடு விழுந்தபோது முதலில் அடிபட்டது கருமணல் அரித்துப் பிழைத்தவன்தான்.

1892-ல் புவியியல் ஆய்வாளர் ஹாலந்து சேலம் மாவட்ட இரும்பைப் பற்றி அறிக்கை எழுதியபோது, அது ஒரு மங்கிக்கொண்டிருந்த தொழில். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது ஓடையில் கருமணல் அப்படியே இருந்தது. அதை அரிக்க ஆள் இல்லை. தாது மறுபடி மணலாகிவிட்டது.

1911-ல் ஜாம்ஷெட்பூரில் டாடா ஆலை முதல் இரும்பை வார்த்தது. அங்கே 60 சதவீதத்துக்கு மேற்பட்ட ஹேமடைட், பக்கத்திலேயே ஜாரியா நிலக்கரி. 35 சதவீதம் உள்ள, நிலக்கரியே இல்லாத தமிழக மலைகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சேலத்தில் உருக்கு உண்டு, சேலத்து இரும்பு இல்லை

சுதந்திரத்துக்குப் பிறகு ஆசை மறுபடி பிறந்தது. சேலத்துத் தாதுவையும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் சேர்த்து இரும்பு செய்ய முடியுமா என்று 1950-களிலும் 60-களிலும் ஆய்வுகள் நடந்தன. தமிழ்நாட்டுக்கு ஓர் உருக்காலை வேண்டும் என்பது அரசியல் கோரிக்கையாகவும் வளர்ந்தது. 1970-ல் சேலம் உருக்காலைக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கியது.

ஆனால் வந்தது என்ன? வெளியிலிருந்து வரும் எஃகுச் சுருளை மெல்லிய தகடாக்கும் ஆலை. உருக்கும் பிரிவே 2010-ல்தான் சேர்ந்தது. "சேலம் ஸ்டெயின்லெஸ்" என்ற பெயர் பாத்திரக்கடை வரை போனது. நாணயத்துக்கான வில்லைகளும் அங்கே தயாராயின. ஆனால் அந்தத் தகட்டில் கஞ்சமலைத் தாது இல்லை. ஆலைக்குப் பக்கத்திலேயே மலை நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கவுத்திமலை, வேடியப்பன்மலை

2000-களில் சீனா கட்டடமும் பாலமும் ஆலையுமாக எழும்பத் தொடங்கியபோது உலகச் சந்தையில் இரும்புத் தாது விலை பல மடங்கு ஏறியது. விலை ஏறினால் என்ன ஆகும்? நேற்றுக் கல்லாக இருந்தது இன்று தாது ஆகும். தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் ஜே.எஸ்.டபிள்யூ நிறுவனமும் சேர்ந்து, கஞ்சமலையிலும் திருவண்ணாமலையின் கவுத்திமலை, வேடியப்பன்மலையிலும் தாது தோண்டத் திட்டமிட்டன. கஞ்சமலையில் 7.5 கோடி டன், கவுத்தி-வேடியப்பன் மலைகளில் 3.5 கோடி டன் தாது என்பது மதிப்பீடு.

திருவண்ணாமலைப் பகுதிக்கு மட்டும் கேட்கப்பட்ட காட்டு நிலம் 325 ஹெக்டேர். அதில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மரங்கள். மலையடிவாரக் கிராமங்கள் எதிர்த்தன. ஏரிக்கும் கிணற்றுக்கும் தண்ணீர் தருவது மலைதான் என்பது விவசாயிகளின் வாதம். மலை மேல் வேடியப்பன் இருக்கிறார் என்பது அவர்களுடைய இன்னொரு வாதம். வாளும் வில்லும் ஏந்திய பழைய வீரர்களின் அதே வேடியப்பன். உச்ச நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரமளிக்கப்பட்ட குழு இந்தத் திட்டத்துக்கு எதிராகப் பரிந்துரை செய்தது. பின்னரும் பேச்சு எழுந்தது, எதிர்ப்பும் எழுந்தது. மலை தோண்டப்படவில்லை.

பக்கத்து மாநிலத்தில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கர்நாடகத்தின் குதிரேமுக்கிலும் இதே போல் இரும்பு குறைந்த மேக்னடைட்தான். அதைத் தோண்டி, அரைத்து, குழாய் வழியாக மங்களூருக்கு அனுப்பினார்கள். தொழில்நுட்பத்தில் குறை இல்லை. ஆனால் பத்ரா நதிக்கும் தேசியப் பூங்காவுக்கும் ஆன சேதத்தால் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2005 டிசம்பர் 31-உடன் சுரங்கம் நின்றது.

ஒரு சின்னக் கணக்கு

கவுத்தி-வேடியப்பன் மலைகளின் 3.5 கோடி டன் தாதுவில் 37 சதவீதம் இரும்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு துளி வீணாகாமல் எடுத்தாலும் கிடைப்பது சுமார் 1.3 கோடி டன் இரும்பு. 2023-ல் இந்தியா உற்பத்தி செய்த எஃகு ஏறத்தாழ 14 கோடி டன். அதாவது இரண்டு மலைகளையும் முழுவதுமாகக் கரைத்தால் நாட்டுக்கு ஒரு மாதத்துக்கும் சற்று அதிகமான நாட்களுக்கு எஃகு. அதற்குப் பிறகு மலை இல்லை.

இதற்கு எதிர்வாதமும் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட முடியாது. பைக், பஸ், வீட்டுக் கம்பி, கிணற்று மோட்டார் எல்லாம் இரும்புதான். திருவண்ணாமலையில் தோண்டாத இரும்பை ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் தோண்டுகிறார்கள். அங்கேயும் காடு உண்டு, மலைவாழ் மக்கள் உண்டு, மலையைக் கடவுளாகக் கும்பிடுகிறவர்கள் உண்டு. இங்கே ஒரு மலை பிழைத்ததால் இரும்பின் செலவு இல்லாமல் போய்விடவில்லை. வேறு யாரோ அதைக் கொடுக்கிறார்கள். வேலையில்லாமல் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகும் இந்த மாவட்டத்து இளைஞர்களின் கேள்விக்கும் மலை பதில் சொல்லவில்லை.

ஆனாலும் இந்த மூவாயிரம் வருடக் கதையிலிருந்து ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கரியின் விலை கணக்கில் வராதவரை கருமணல் தாது. கரியின் உண்மையான விலை கணக்கில் ஏறியபோது ஹீத்தின் ஆலையே மூடியது. சந்தை விலை ஏறியபோது வேடியப்பன்மலை தாது. காடும் தண்ணீரும் செலவுப் பக்கத்தில் எழுதப்பட்டபோது அது மறுபடி மலை. ஒவ்வொரு முறையும் மாறியது கல் அல்ல, கணக்குப் புத்தகத்தில் எந்தெந்தச் செலவை எழுதுகிறோம் என்பதுதான்.

ஹீத்தின் காலத்தில் காடு இலவசம் என்று நினைத்துக் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு தப்பு என்று தெரிய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது, அதற்குள் காடு போய்விட்டது. உலோக விலை இன்னொரு முறை ஏறும். இரும்பு இல்லையென்றால் அரூரின் மாலிப்டினமோ சேவத்தூரின் நியோபியமோ பேச்சில் வரும். அப்போது ஜவ்வாது மலை வட்டாரத்து மக்களிடம் வந்து காட்டப்படும் கணக்கில் வரவுப் பக்கத்தை எல்லோரும் சரியாகவே எழுதியிருப்பார்கள். செலவுப் பக்கத்தில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்திருந்தால் போதும்.